உருமால் கட்டிய அப்பாரும் இரண்டு கண்ணாடிக் கட்டிகளும்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்ன வாங்கித் தருவது என்று ஆறு மாதமாக யோசித்து, கடைசியில் அவருடைய அப்பாவையே, அதாவது எங்கள் அப்பாரையே, கண்ணாடிக்குள் செதுக்கித் தருவது என்று முடிவு செய்தேன். பரிசுப் பொருள் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கனமான கண்ணாடிக் கட்டிக்குள் வெள்ளைப் புள்ளிகளால் ஆன முகம் மிதக்கும், அடியில் விளக்கு எரியும். கிரிஸ்டல் போட்டோ, லேசர் கிரிஸ்டல் என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். நான் இரண்டு இடத்தில் செய்து வாங்கினேன், முதலாவது விரிசல் விட்டது, இரண்டாவது அப்பாவின் அறையில் இருக்கிறது. ஏன் ஒன்று உடைந்தது, ஏன் இன்னொன்று உடையவில்லை என்று தெரிந்துகொண்டு வாங்கினால் உங்கள் பணமும் மனசும் தப்பும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பாருக்கு இருப்பது ஒரே ஒரு படம். ஸ்டுடியோவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம், தலையில் வெள்ளை உருமால், கீழே இறங்கிய மீசை, கேமராவைப் பார்க்காமல் எங்கோ பக்கவாட்டில் பார்க்கும் கண். அப்பாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பாரு போய்விட்டார். அந்தப் படத்தின் ஓரம் கரையான் அரித்து, நடுவில் மடிப்பு விழுந்து, பீரோவில் ஒரு துணிக்குள் சுருட்டி வைத்திருந்தோம்.

முதல் கட்டியை இணையத்தில் ஆர்டர் செய்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 50க்கு 50க்கு 80 மில்லிமீட்டர் கட்டி, விளக்குத் தட்டோடு சேர்த்து 1,850 ரூபாய். 12 லட்சம் புள்ளிகளில் அச்சு அசலாக என்று விளம்பரம், அந்த எண்ணைப் பார்த்துத்தான் நானும் விழுந்தேன். ஆறு நாளில் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தபோது நன்றாகவே இருந்தது, உருமாலின் ஒவ்வொரு சுற்றும் தெரிந்தது, அம்மா பார்த்துவிட்டு அப்படியே நிற்கிறாரே என்று சொன்னார். அடியில் அப்பாரின் பெயரையும் ஊரையும் கண்ணாடியின் மேல்பரப்பிலேயே பொறித்திருந்தார்கள். விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால் அப்பா கண்ணில் படாமல் என் அலமாரியில் வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் எடுத்துப் பார்க்கிறேன், உருமாலின் உச்சியிலிருந்து கட்டியின் மேல் விளிம்பு வரைக்கும் ஒரு வெள்ளி நிறப் பிறை. நகக்கண் அகலம்கூட இல்லை. விளக்கைப் போட்டால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது, முகம் அப்புறம்தான்.

எனக்கு வேலை பம்பு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில். வார்ப்பு இரும்பில் நூலிழை விரிசல் தேடுவதே பிழைப்பு. அதனால் கட்டியைத் தூக்கிக்கொண்டு போய் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வைத்துப் பார்த்தேன். புள்ளி என்று நாம் நினைக்கிற எதுவும் புள்ளி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு குட்டி விரிசல் கொத்து, நடுவில் ஒரு கரடுமுரடான மையம், அதிலிருந்து எல்லாப் பக்கமும் மெல்லிய இறகு மாதிரி பிளவுகள். கன்னத்தில் அவை தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தள்ளி நின்றன. உருமாலில் அப்படி இல்லை. அங்கே இறகுகள் ஒன்றோடொன்று கை கோத்து, பல இடங்களில் ஒரே தகடாக மாறியிருந்தன, அந்தத் தகடு ஒன்றிலிருந்துதான் பிறை கிளம்பி மேலே ஓடியிருந்தது.

இந்தப் பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். லேசர் கண்ணாடியை உருக்கிச் செதுக்குவதில்லை, உளி மாதிரி தோண்டுவதும் இல்லை. பச்சை நிற லேசர், 532 நானோமீட்டர் அலைநீளம், நீண்ட நேரம் எரியாமல் சில நானோ நொடிக்கு மட்டும் துடிக்கும், நானோ நொடி என்றால் ஒரு நொடியை 100 கோடியாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்கு. கண்ணாடி அந்தப் பச்சை ஒளியைத் தடுப்பதில்லை, அதனால் கதிர் மேல்பரப்பைச் சேதப்படுத்தாமல் உள்ளே போகிறது. லென்ஸ் அதை ஒரு புள்ளியில் குவிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் ஒளியின் செறிவு தாங்க முடியாத அளவுக்கு ஏறி, கண்ணாடியின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வந்து பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் கொண்ட கொதிக்கும் வாயு, உண்டாகிறது. ஒளியை விட்டுக்கொண்டிருந்த கண்ணாடி அந்த நொடியில் ஒளியை விழுங்க ஆரம்பிக்கிறது. பல்லாயிரம் டிகிரி சூடு, அதற்கு விரிய இடமே இல்லை, சுற்றிலும் கெட்டிக் கண்ணாடி. அப்போது கிளம்புவதுதான் அதிர்ச்சி அலை.

இந்த வகைக் கண்ணாடியில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும். அதிர்ச்சி அலை கிளம்பும்போது அதைவிட வேகமாகக் கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே வலு குறைந்து சாதாரண ஒலி அலையாக அடங்கிவிடும். 10 நானோ நொடிக்குள் ஒலி போகிற தூரத்தைக் கணக்குப் போட்டால் 60 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன். அந்த முடி அளவு தூரத்துக்குள்ளேயே ஒரு புள்ளி பிறந்துவிடுகிறது. அழுத்தம் அடங்கி, சூடு தணிந்து, கண்ணாடி பழைய இடத்துக்குத் திரும்பும்போது பிளவுகள் மிஞ்சுகின்றன, அந்தப் பிளவுகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதைத்தான் நாம் வெள்ளையாகப் பார்க்கிறோம். கட்டிக்குள் சாயம் ஏதும் கிடையாது. முழுக்க முழுக்கக் காயங்கள்தான் முகமாகத் தெரிகின்றன.

அதனால்தான் வெள்ளை உருமால் ஆபத்தான இடம். படத்தில் வெளுத்த பகுதிக்குப் புள்ளி அதிகம், கருத்த பகுதிக்குக் குறைவு, கருமையான மீசையில் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடிதான். 12 லட்சம் என்று எண்ணிக்கையை ஏற்றினால் அந்தக் கூடுதல் புள்ளிகளெல்லாம் போய் விழுவது உருமாலிலும் நெற்றியிலும்தான். போதாததற்குச் சின்னக் கட்டியில் பெரிய முகம் வேண்டும் என்று உருமாலை மேல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் வரைக்கும் கொண்டுபோயிருந்தார்கள்.

விளிம்புக்குப் பக்கத்தில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். கண்ணாடியை அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. உள்ளே கிளம்புகிற அலை முதலில் அழுத்திக்கொண்டே வருகிறது. அது கட்டியின் வெளிப்பரப்பை அடைந்ததும் அதற்கப்பால் தள்ளுவதற்குக் கண்ணாடி இல்லை, காற்றுதான், அதனால் அலை புரண்டு இழுப்பாகத் திரும்புகிறது. சுவரின் ஒரு பக்கம் சம்மட்டியால் அடித்தால் மறுபக்கம் காரை பெயர்ந்து விழுவதும் இதனால்தான். புள்ளி ஆழத்தில் இருந்தால் அலை வெளிப்பரப்புக்குப் போய்ச் சேருவதற்குள் களைத்துவிடும். 2 மில்லிமீட்டரில், அதுவும் தகடாகச் சேர்ந்துபோன விரிசல்களுக்கு மேலே மேலே அடித்துக்கொண்டிருந்தால், மிச்சம் நிற்கிற கண்ணாடி எத்தனை தடவை தாங்கும்?

விரிசல் மூன்று வாரம் கழித்து வந்ததற்கும் காரணம் இருக்கிறது. கட்டிக்குள் அடைபட்ட விரிசலுக்குக் காற்று படாது. ஒரே ஒரு கிளை வெளிப்பரப்பைத் தொட்டுவிட்டால் காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே போய், விரிசல் முனையில் இழுபட்டு நிற்கும் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். கண்ணாடி வேலை தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்தி, கண்ணாடியில் கீறல் போட்டு அதில் தண்ணீர் தொட்டால் சுலபமாக உடையும் என்பார்கள்.

பெயர் பொறித்த அடிப்பக்கமும் சரியில்லை. எழுத்துகளின் ஓரத்தில் மீன் செதில் மாதிரி சிம்புகள் பெயர்ந்திருந்தன, விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. மேல்பரப்பிலேயே லேசர் அடித்தால் வேறொரு வகை அலையும் சேர்ந்துகொள்கிறது. குளத்தில் கல் போட்டால் வட்டம் விரிவது போல அது கண்ணாடியின் தோலோடு ஒட்டியே ஓடும், உள்ளே ஆழமாக இறங்காது. ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1885இல் கணக்குப் போட்டுச் சொன்ன அலை இது, பூகம்பத்தில் தரையை உருட்டுவதும் இதே இனம்தான். உள்ளே எல்லாத் திசையிலும் பரவுகிற அலையைவிட, தோலில் மட்டும் பரவுகிற இது மெதுவாகத்தான் வலு குறையும். எவ்வளவு பளபளப்பாக மெருகேற்றினாலும் கண்ணாடியின் மேலே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருந்தே தீரும், அலை அவற்றின் மேல் ஓடும்போது வாய் திறந்து மூடும். மேல்பரப்பு எப்போதும் உள்பகுதியைவிடச் சீக்கிரம் சேதமாவதற்கு இந்தக் கீறல்கள் ஒரு முக்கியக் காரணம்.

அந்த நிறுவனத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பார்சலில் எங்காவது விழுந்திருக்கும், ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று பதில். கீழே விழுந்து வந்த விரிசல் என்றால் வெளியிலிருந்து உள்ளே போகும், இது உள்ளே உருமாலில் பிறந்து வெளியே வந்திருக்கிறது என்று லென்ஸ் படத்தோடு விளக்கி எழுதினேன். அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். விழாவுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது கடை கோவையில், ராஜ வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் இருக்கிறது. கோப்பை, கேடயம், பெயர்ப்பலகை செய்கிற சின்னக் கடை. கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். படத்தைக் கையில் வாங்கியதும் அவர் விலை சொல்லவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உருமால் ரொம்ப வெளுத்திருக்குதுங்க, இதை இப்படியே போட்டா கல்லு தாங்காதுங்க" என்றார். முதல் கட்டியை நான் இன்னும் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

எடுத்துக் காட்டினேன். விளக்கின் மேல் வைத்துப் பார்த்தவர், "பாவம்ங்ணா, நல்ல கல்லுதான், புள்ளியைக் கொட்டித் தள்ளிட்டாங்க" என்றார்.

அவர் செய்தது இவ்வளவுதான். கட்டியை 60க்கு 60க்கு 100 மில்லிமீட்டருக்கு மாற்றச் சொன்னார், முகத்தைப் பெரிதாக்காமல். எந்தப் பக்கத்திலும் குறைந்தது 8 மில்லிமீட்டர் வெறும் கண்ணாடி விட்டார். உருமாலின் வெளுப்பைக் குறைத்து, அதன் புள்ளிகளை ஒரே தளத்தில் அடுக்காமல் முன்னும் பின்னுமாகப் பல அடுக்குகளில் பரப்பினார். மொத்தம் நாலு லட்சம் புள்ளிதான். பெயரை மேல்பரப்பில் போட மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, உள்ளேயே கழுத்துக்குக் கீழே சின்னதாகப் போட்டுத் தந்தார். இதற்கு அவர் ராலே அலையெல்லாம் பேசவில்லை. மேல்பரப்பில் பெயர் போட்ட கட்டிகள் எத்தனை திரும்பி வந்தன என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இயந்திரம் ஓடும்போது இருந்து பார்க்க விட்டார். மூடி போட்ட பெட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி, பச்சை லேசருக்கு அதுதான் போட வேண்டும். அடியிலிருந்து மேலாக அடுக்கடுக்காக அடிக்கிறது, ஏனென்றால் மேலே முதலில் அடித்துவிட்டால் அந்த விரிசல்களே கீழே போகும் கதிரை மறைக்கும். நான் எதிர்பார்க்காதது சத்தம். கட்டியிலிருந்து கிர்ர்ர் என்று, எண்ணெயில் கடுகு வெடிப்பதை ஆயிரம் மடங்கு வேகப்படுத்தியது போல ஒரு சத்தம். அது மோட்டார் சத்தம் இல்லை. உள்ளே ஒவ்வொரு புள்ளி பிறக்கும்போதும் கிளம்புகிற அலை கண்ணாடியின் தோலைத் தொட்டு, காற்றில் இறங்கி, என் காதுக்கு வருகிறது. உருமால் வரும்போது சத்தம் தடித்தது, மீசைக்கு வந்ததும் ஒரு கணம் அடங்கிப்போனது. அப்பாரின் குரலை நான் கேட்டதில்லை, அந்த அறையில் நின்றபோது மனசு என்னவோ ஆகிவிட்டது.

அம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணில் இதே இனத்து வேலை நடந்திருக்கிறது. கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தபின் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற சவ்வு மங்கிவிட்டது, யாக் லேசர் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள், உட்கார்ந்தபடியே சில நிமிடத்தில் முடிந்தது. அங்கேயும் சவ்வு எரிக்கப்படுவதில்லை. ஒளி குவிகிற இடத்தில் பிளாஸ்மா வெடித்து, அதன் அலைதான் சவ்வைக் கிழிக்கிறது. குவியம் கொஞ்சம் முன்னே வந்துவிட்டால் வைத்த லென்ஸிலேயே குழி விழும் என்பதால் மருத்துவர்கள் சற்றுப் பின்னால் தள்ளித்தான் குவிப்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள்ளான அந்தத் தள்ளல்தான் அம்மாவின் பார்வை.

என் தொழிலுக்குப் பக்கத்திலும் இந்த அலை நல்ல வேலை செய்கிறது. விமான எஞ்சின் விசிறித் தகடுகளின் மேல் கருப்புப் பூச்சோ பட்டையோ ஒட்டி, அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஓட விட்டு லேசர் அடிப்பார்கள். பிளாஸ்மா தண்ணீருக்கும் உலோகத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அதிர்ச்சி அலையை உலோகத்துக்குள் தள்ளும். உலோகம் வளைந்து கொடுக்கிற ஜாதி, உடையாமல் மேல்தோலை இறுக்கிக்கொள்கிறது, அப்புறம் அங்கே விரிசல் சுலபத்தில் வளராது. அமெரிக்காவில் 1990களில் பி-1பி குண்டுவீச்சு விமானத்தின் எஞ்சின் தகடுகளுக்கு இதைச் செய்தார்கள். கண்ணாடிக்கு அப்படி வளைந்து கொடுக்கத் தெரியாது, பிளக்கத்தான் தெரியும்.

இரண்டாவது கட்டிக்கு ஆன செலவு 3,400 ரூபாய், எடுத்துக்கொண்ட நாள் எட்டு. முகத்தைப் பற்றிச் சொன்னால், பழைய படத்தில் இல்லாத ஆழம் வந்திருக்கிறது, மூக்கு முன்னே நிற்கிறது, காது பின்னே போகிறது, பக்கவாட்டில் நின்று பார்த்தால் அப்பாரு நம்மைப் பார்ப்பது போல ஒரு இடம் கிடைக்கிறது. குறையும் உண்டு. வலது கண் இமை கொஞ்சம் தட்டையாக வந்துவிட்டது, ஒரே படத்திலிருந்து கணினியில் ஆழத்தை ஊகித்துத்தானே செய்கிறார்கள். விளக்குத் தட்டின் வயர் மட்டமான ரகம், இரண்டாவது வாரமே இளகிவிட்டது, வேறு வாங்கிப் போட்டேன். பெட்டிக்குள் இருந்த பட்டுத்துணியில் பசை வாசம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், குறைத்த அரையும் வயருக்காகத்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். கிரிஸ்டல் என்று சொன்னாலும் இது படிகம் இல்லை, கே9 எனப்படும் ஒளியியல் கண்ணாடி. கையில் எடுத்தால் கனக்க வேண்டும், என் 60க்கு 60க்கு 100 கட்டி 900 கிராம் நிற்கிறது. அதே அளவில் பாதி எடைகூட இல்லை என்றால் அது அக்ரிலிக். ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் பச்சை அடிக்கிறதா என்று பாருங்கள், அடித்தால் அது சாதா ஜன்னல் கண்ணாடி ரகம். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சேலை, பளிச்சென்ற நெற்றி உள்ள படம் என்றால் அந்த இடத்தில் புள்ளியை எப்படிக் குறைப்பீர்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள், அவர் பதிலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். காசு இருந்தால் புள்ளிக்குச் செலவழிக்காமல் கட்டியின் அளவுக்குச் செலவழியுங்கள். பின்னால் கருமையான சுவரோ துணியோ இருந்தால்தான் முகம் எழும், வெள்ளைச் சுவருக்கு முன் வைத்தால் மீசை காணாமல் போகும். வெந்நீரில் கழுவாதீர்கள், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். உருண்டை வடிவக் கட்டியை ஜன்னலோரம் வைக்கவே வைக்காதீர்கள், வெயிலைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும்.

விழா அன்று காலையில் கொடுத்தோம். அப்பா விளக்கைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை, கட்டியைக் கையில் வாங்கி, கட்டை விரலால் கண்ணாடிக்கு மேலேயே உருமால் இருக்கிற இடத்தைத் தடவிக்கொண்டு நின்றார். வலது இமையைப் பற்றி நான் சொன்னதற்கு, "எங்க அய்யனுக்கு அந்தக் கண்ணு கொஞ்சம் சின்னதுதாண்டா" என்றார்.

முதல் கட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை, தொழிற்சாலையில் என் மேசை மேல் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் விரிசலின் கீழ் முனையை மார்க்கரில் குறித்து வருகிறேன். முதல் மாதம் 4 மில்லிமீட்டர் ஓடியது, போன மாதம் அரை மில்லிமீட்டர். இப்போது நெற்றிச் சுருக்கத்துக்கு மேலே நிற்கிறது.